டிரங்குப் பெட்டியில் வந்த ஆங்கில நாவல்கள்: எது மறுபதிப்பு, எது முதல் பதிப்பு?

தக்கலைக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வணிகக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தாய்மாமா, வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணிலிருந்து இறக்கிய ஒரு டிரங்குப் பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார். துறைமுகங்களில் அவர் வாங்கிப் படித்த நாற்பது ஆங்கில நாவல்கள் அதில் உள்ளன. ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் பன்னிரண்டு, 'சடன்' என்னும் துப்பாக்கி வீரனைப் பற்றிய கௌபாய் கதைகள் எட்டு, ஜான் டி. மெக்டொனால்டின் டிராவிஸ் மெக்கீ கதைகள் நான்கு, மிச்சமெல்லாம் நிக் கார்ட்டர். பழைய புத்தகம் வாங்கும் ஒருவர், தாள் அட்டை என்றாலே மறுபதிப்புதான், முதல் பதிப்பு கெட்டி அட்டையில்தான் வந்திருக்கும் என்று சொல்லி எடைக்குக் கேட்டார். விற்கும் எண்ணம் எனக்கு இல்லை; அவர் சொன்னது சரிதானா என்று அறிய விரும்புகிறேன். சடன் கதைகளில் சிலவற்றின் அட்டையில் ஆலிவர் ஸ்ட்ரேஞ்ச் என்றும், மூன்றில் ஃபிரெடரிக் எச். கிறிஸ்டியன் என்றும் இருப்பது ஏன்? நிக் கார்ட்டர் என்ற துப்பறிவாளனின் கதையை எழுதியவர் பெயரும் நிக் கார்ட்டர் என்றே இருக்கிறதே? மழைக்காலம் வருவதால் சிதல் பயமும் உண்டு.

வடசேரி வாசகர் எழுதியது:

சகோதரி, அவர் சொன்னது சேஸ் நாவல்களுக்குப் பொருந்தும். பெட்டியில் உள்ள மற்றவற்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. சேஸின் நாவல்கள் இங்கிலாந்தில் முதலில் கெட்டி அட்டையில் வெளிவந்து, பிறகுதான் பாந்தர், கார்கி ஆகிய நிறுவனங்களின் மலிவுப் பதிப்புகளாயின. அமெரிக்காவிலோ 1950ஆம் ஆண்டு முதல் நிலைமை வேறு. ஃபாசெட் நிறுவனம் அதுவரை வேறொரு பதிப்பகத்தின் தாள் அட்டை நூல்களைக் கடைகளுக்கு விநியோகித்து வந்தது. அந்த ஒப்பந்தம் அது தானே மறுபதிப்பு நூல்களை வெளியிடுவதைத் தடுத்ததால், எங்குமே வெளிவராத புதிய கதைகளை எழுத்தாளர்களிடம் நேரடியாக வாங்கி, 'கோல்டு மெடல்' என்ற வரிசையில் 25 சென்ட் விலைக்கு வெளியிடத் தொடங்கியது. விற்ற பிரதிகளுக்கு அல்லாமல் அச்சிட்ட பிரதிகளுக்கே பணம் கொடுத்ததால் நல்ல எழுத்தாளர்கள் பலர் அங்கே போனார்கள். மெக்டொனால்டின் மெக்கீ வரிசை 1964இல் அங்கேதான் பிறந்தது. ஆகவே அவ்வரிசையின் தொடக்கக் கதைகளுக்கு அந்த மலிவான தாள் அட்டையே முதல் பதிப்பு. பின்னாளில் வந்த சில மட்டும் முதலில் கெட்டி அட்டையில் வந்தவை.

சடன் இன்னும் சுவையானது. ஸ்ட்ரேஞ்ச் 1930 முதல் எழுதிய கதைகள் கெட்டி அட்டையில் வந்தவை. உங்களிடம் இருப்பவை கார்கியின் மறுபதிப்புகள். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1966 முதல் ஃபிரெடரிக் நோலன் என்பவர் கிறிஸ்டியன் என்ற புனைபெயரில் அதே நாயகனை வைத்து ஐந்து நாவல்கள் எழுதினார். அவை கார்கிக்காகவே எழுதப்பட்டவை. ஒரே வரிசையில், ஒரே அளவில், ஒரே மாதிரியான அட்டையோடு நிற்கும் எட்டு நூல்களில் ஐந்து மறுபதிப்பு, மூன்று மூலப் பதிப்பாக இருக்கக்கூடும். (இருவருமே ஆங்கிலேயர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் தமிழில் படித்து வளர்ந்த கௌபாய் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லர்கூட 1948இல் இத்தாலியில் உருவானவர்தான். அரிசோனாவின் புழுதியைப் பற்றி எழுத அரிசோனாவில் பிறந்திருக்க வேண்டியதில்லை போலும்.)

நிக் கார்ட்டர் என்பது 1886ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வார இதழ் ஒன்றில் தோன்றிய துப்பறிவாளனின் பெயர். 1964இல் அவார்டு புக்ஸ் என்ற பதிப்பகம் அப்பெயரை ஓர் உளவாளிக்குச் சூட்டிப் புதிய வரிசையைத் தொடங்கியது. எழுதியவர்கள் பலர், அட்டையில் அவர்களில் ஒருவரின் சொந்தப் பெயரும் வராது. பின்னாளில் புகழ் பெற்ற மார்ட்டின் குரூஸ் ஸ்மித்தும் அவர்களில் ஒருவர்.

இனி ஆண்டைக் கண்டறியும் வழி. பிரிட்டன் 15.2.1971 அன்று தசம நாணயத்துக்கு மாறியது. அட்டையில் விலை 3/6 (3 ஷில்லிங் 6 பென்ஸ்) என்று ஷில்லிங்கில் மட்டும் இருந்தால் நூல் அதற்கு முந்தையது. 25பி (25 புதிய பென்ஸ்) என்று மட்டும் இருந்தால் பிந்தையது. இரண்டும் சேர்ந்திருந்தால் மாற்றத்தை ஒட்டிய காலம். கார்கி நூல்களில் பெயர்ப் பக்கத்தின் பின்புறம் மறுஅச்சு ஆண்டுகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள்; கடைசி ஆண்டே உங்கள் பிரதியின் வயது. மெக்கீயின் முதல் நாவலின் முதல் அச்சு 40 சென்ட் விலையில் வந்தது. அதைவிடக் கூடுதல் விலை இருந்தால் அது பின்னால் அச்சிட்டது.

குளச்சல் நூலன்பர் எழுதியது:

பாதுகாப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த மலிவு நூல்களின் தாள் மரத்தை அரைத்த கூழில் செய்தது. அதில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் சேர்ந்து வெளிச்சம் படப்பட அதைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடற்கரையில் உப்புக் காற்றும் உண்டு என்பதால், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலோ தரையிலோ வைக்க வேண்டாம். முதுகில் உள்ள பசை காய்ந்திருக்கும்; முழுவதும் விரித்துப் படித்தால் பக்கங்கள் கொத்தாகக் கழன்றுவிடும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. நான் பத்து நூல்களை அப்படித்தான் பாழாக்கினேன்.

இராமபாணப் பூச்சி தெரிந்தால், நூலைக் காற்றுப் புகாத பாலிதீன் பையில் கட்டி, உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள், திறந்தால் ஈரம் தாளில் இறங்கிவிடும். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து நூல்களைத் தொடாமல் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். டிரங்குப் பெட்டியிலேயே திரும்ப வைப்பதானால் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

தக்கலைக்காரி எழுதியது:

இருவருக்கும் நன்றி. மெக்கீயின் முதல் நாவலில் 95 சென்ட் என்று இருக்கிறது. எனவே அது பிந்தைய அச்சுதான். ஆனால் கிறிஸ்டியன் பெயரில் உள்ள மூன்றில் ஒன்றில் விலை 3/6, பெயர்ப் பக்கத்தின் பின்புறம் 1967 என்ற ஒரே ஆண்டு, மறுஅச்சு என்ற சொல்லே இல்லை. அட்டையின் மேல்மூலையில் கொழும்புக் கடை ஒன்றின் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. அதை வெந்நீர் தொட்டு எடுத்துவிடலாமா?

வடசேரி வாசகர் எழுதியது:

எடுக்கவே வேண்டாம், சகோதரி. அது முதல் அச்சேதான். ஈரம் பட்டால் அட்டையின் வண்ணம் சீட்டோடு உரிந்து வந்துவிடும். அதோடு, அந்த நூல் எந்தத் துறைமுகத்தில் உங்கள் மாமாவின் கைக்கு வந்தது என்பதற்கு வேறு சான்று கிடையாது. அவரிடமே கேட்டு, ஆண்டையும் கப்பலின் பெயரையும் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். நூலின் மேல் பேனாவால் எழுத வேண்டாம்.