வெள்ளியங்கிரி இறங்கிய தொடை

நடைபயணி:
வெள்ளியங்கிரி ஏழாவது மலையிலிருந்து மூங்கில் தடியை ஊன்றி இறங்கிய அன்று நன்றாகத்தான் இருந்தேன். மறுநாள் லேசான பிடிப்பு. அதற்கடுத்த நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நண்டு போலப் பக்கவாட்டில் இறங்கினேன். நடத்துநர் கேட்டார்: "வெள்ளியங்கிரியா?"

தசையில் அமிலம் தேங்கிவிட்டது என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். தெரிந்த பிசியோதெரபிஸ்ட் சிரித்தார். லாக்டிக் அமிலம் ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்திலேயே பெரும்பாலும் வடிந்துவிடுமாம். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையையும் தாங்க வேண்டும். பிரேக்கைப் பிடித்தபடியே வண்டியைச் சரிவில் இறக்குவது போல. அந்த இழுபறியில் தசையிழைகளுக்குள் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. வலி அதனால்தான், அதுவும் தாமதமாகத்தான் வரும்.

கட்டுக்கால்:
எனக்கு நேர்ந்தது தலைகீழ். பைக்கில் சறுக்கி, இடது காலில் 6 வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் தொடையைப் பார்த்து அம்மா அழுதேவிட்டார். வலது தொடையைவிட 2 அங்குலம் சிறுத்திருந்தது. இழைகள் செத்துப்போகவில்லை, வேலையில்லாமல் ஒவ்வொன்றும் மெலிந்திருக்கிறது என்றார்கள். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தி 5 நொடி பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. முதல் இரண்டு நாள் நான் பல்லைக் கடித்ததுதான் மிச்சம். தொடை என் சொல்லைக் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் முழங்காலுக்குச் சற்று மேலே, தோலுக்கடியில் ஒரு சிறு துடிப்பு. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கோழிக்குழம்பு:
வேலைக்கேற்பத் தசை மாறுவது கறி வெட்டும் எங்களுக்குப் பழைய சங்கதி. கோழிக்கு நாளெல்லாம் நிற்பதும் நடப்பதும்தான் வேலை, தொடைக்கறி சிவப்பு. ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் அந்த இழைகளில் அதிகம், சீக்கிரம் களைக்காது. எப்போதோ படபடவென்று சிறகடிப்பதற்கு மட்டும் உதவும் நெஞ்சுக்கறி வெளுப்பு. நெடுந்தூரம் பறக்கும் புறாவுக்கு நெஞ்சே கருஞ்சிவப்பு. மனிதத் தசைகளில் இரண்டு வகையும் கலந்தே கிடக்கின்றன. நடைபயணி, மறுபடி மலைக்குப் போனீர்களா?

நடைபயணி:
போனேன், ஒரு மாதம் கழித்து. அதற்கு முன் இரண்டு வாரம் மருதமலைப் படிகளில் இறங்கிப் பழகினேன். வலி இருந்தது, பாதிகூட இல்லை. பஸ்ஸிலிருந்து நேராகவே இறங்கினேன். நடத்துநர் எதுவும் கேட்கவில்லை.