மீன்பிடி மானிய ஒப்பந்தத்தை இந்தியா ஏற்கலாமா? பாம்பன் முதல் தொண்டி வரை ஒரு வாதம்

கரைவலை, பாம்பன்

உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2025 செப்டம்பர் 15 அன்று அமலுக்கு வந்தது. அந்த அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் 2022 ஜூனில் முடிவான ஒப்பந்தம் இது. அமலுக்கு வந்த நாளில் ஏற்புத் தந்திருந்த நாடுகளில் இந்தியா இல்லை. இனியும் அந்தப் பட்டியலில் சேரக் கூடாது என்று மாவட்ட மீனவர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம். அதற்கு முன் இங்கே விவாதித்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

சட்டவிரோத மீன்பிடிப்புக்கு அரசு உதவக் கூடாது, வளம் குன்றிய மீனினத்தைப் பிடிக்க உதவக் கூடாது, யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத ஆழ்கடலில் பிடிக்க உதவக் கூடாது. ஒப்பந்தத்தின் முதல் பகுதி இவ்வளவுதான். யாரும் மறுக்க முடியாது. வினை இரண்டாம் பகுதியில் இருக்கிறது. டீசல், படகு, இயந்திரம் என்று மீன்பிடித் திறனைக் கூட்டும் எல்லா உதவிகளையும் அடக்கும் விதிகள் அதில் வருகின்றன. நமக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும், 200 கடல்மைலுக்குள் எங்கள் மீனவருக்கு விலக்கு வேண்டும் என்று இந்தியா கேட்டது. பணக்கார நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை. 2024இல் அந்த அமைப்பின் அபுதாபி மாநாடும் இதில் முடிவில்லாமல் கலைந்தது. அமலுக்கு வந்த நான்கு ஆண்டுக்குள் இரண்டாம் பகுதி வராவிட்டால் முதல் பகுதியும் காலாவதியாகும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. அதனால் 2029 வரை நெருக்கடி கூடிக்கொண்டே போகும்.

ஜெனீவாவில் இந்திய அமைச்சர் ஒரு கணக்குச் சொன்னார். நம் மீனவக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15 டாலர் போகிறது. சில நாடுகள் ஒரு குடும்பத்துக்கு 75,000 டாலர் வரை கொடுக்கின்றன. அந்தப் பணத்தில் கப்பல் கட்டி உலகக் கடலெல்லாம் அரித்து முடித்தவர்கள், இப்போது நம் வள்ளத்துக்குப் போடும் எண்ணெயை அளக்க வருகிறார்கள்.

கீழக்கரை வணிகன்

தம்பி, உங்கள் ஆத்திரம் நியாயமானது. மனு நியாயமானது அல்ல.

ஒப்பந்தம் என்றாலே நம்மை விற்பது என்று பேசுவது இந்தக் கரைக்குப் பொருந்தாது. முத்தும் சங்கும் கடல் தாண்டிப் போன ஊர் என்னுடையது. இன்று நண்டும் கணவாயும் இறாலும் போகின்றன. 2024-25இல் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி 62,408 கோடி ரூபாய். அதில் பெரும்பங்கு உறைய வைத்த இறால், முதல் சந்தை அமெரிக்கா. 2025 ஆகஸ்டில் அந்த நாடு நம் சரக்கின் மேல் 50 விழுக்காடு வரி போட்டது. வரி அறிவிப்பு வந்ததும் வாங்குபவர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். இறால் பண்ணைக்காரர் முதல் ஐஸ் உடைக்கிறவர் வரை அடி விழுந்தது. அது ஒப்பந்தத்தால் விழுந்த அடி அல்ல, ஒப்பந்தம் இல்லாததால் விழுந்தது. அதே ஆண்டு ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தால் 4.2 முதல் 8.5 விழுக்காடு வரை இருக்கும் இறால் வரி அங்கே பூஜ்யமாகும். ஒரு கதவு மூடும்போது இன்னொன்று திறந்திருக்க வேண்டாமா? விதி என்று ஒன்று எழுதி வைத்தால்தான் வலியவன் நினைத்தபடி வரி போட முடியாது.

கரைவலை, பாம்பன்

காக்கா (அண்ணா), அமெரிக்கா 50 விழுக்காடு போட்டபோது உலக வர்த்தக அமைப்பு இருந்ததே! 1995 முதல் இருக்கிறது. இந்தியாவும் அமெரிக்காவும் அதில் உறுப்பினர்கள். விதி ஏன் காப்பாற்றவில்லை? மேல்முறையீட்டு அமர்வுக்குப் புதிய உறுப்பினர்களை நியமிக்க விடாமல் அமெரிக்கா தடுத்ததால், 2019 டிசம்பரிலிருந்து அந்த அமர்வே இயங்கவில்லை. கீழே தோற்றவன் மேல்முறையீடு என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே கிடக்கும். வலியவனைக் கட்டாத விதி எளியவனை மட்டும் கட்டும் என்றால் அதில் நான் ஏன் கழுத்தை நீட்ட வேண்டும்?

பிரிட்டன் வரி நீக்கமும் யாருக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் பண்ணையில் வளர்க்கும் வெனாமி இறாலுக்கு. தாய் இறால் முக்கியமாக அமெரிக்காவிலிருந்து வருகிறது. தீவனம் கம்பெனியிடம் வாங்க வேண்டும். அந்தத் தீவனத்துக்கு மீன்தூள் வேண்டும். மீன்தூள் ஆலைக்குச் சங்காயம் என்கிற கழிவு மீன் வேண்டும். அதற்காக விசைப்படகு இழுக்கும் மடி வலை நம் கடலின் குஞ்சுகளை வாரிக்கொண்டு போகிறது. அயிலையும் சூடையும் வளர்ந்து என் வலைக்கு வருவதற்கு முன்பே இறால் வயிற்றுக்குப் போய்விடுகின்றன.

தொண்டி இளையவன்

நான் சட்டம் படிக்கிறேன். அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். சங்காயம் வாருகிற மடியை எரிபொருள் கொடுத்து ஓட வைப்பது எது? 2023 ஆகஸ்ட் 18 அன்று மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தது என்ன? விசைப்படகுக்கு வரி நீக்கிய டீசல் ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 லிட்டர். இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400. ஒரு மடிப்படகுக்குப் போவதில் நான்கில் ஒரு பங்குகூட உங்கள் வள்ளத்துக்கு வரவில்லை. இந்த ஏற்பாட்டை ஜெனீவா விதி அசைத்தால் முதலில் பயனடைவது நாட்டுப்படகுதானே? பாக் நீரிணையை யார் வெறுமையாக்கினார்கள் என்று உங்கள் கரையிலேயே தினமும் பேசுகிறீர்கள். ஒப்பந்தத்தை எதிர்க்கும்போது மட்டும் விசைப்படகையும் சேர்த்து 'மீனவர்' என்று ஒரே சொல்லில் கட்டுகிறீர்கள்.

விசைப்படகு, ராமேஸ்வரம்

இங்கே என்னைக் கம்பெனி முதலாளி போலப் பேச வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து கடனில் வாங்கிய படகு. வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போக டோக்கன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மிச்ச நாளில் காற்று அடித்தால் கரை. கடலுக்குப் போனால் இலங்கைக் கடற்படை. பிடிபட்டால் ஆள் திரும்பினாலும் படகு திரும்பாது. டீசல் உதவியை நிறுத்தினால் படகைக் கட்டிப் போட வேண்டியதுதான்.

ஆழ்கடலுக்குப் போ, சூரை மீன் பிடி என்று 2017இல் ஒரு திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20, நம் கையிலிருந்து 10. மடியை விட்டுவிடச் சொல்லி அரசே கொடுத்த மானியம் இது. மூன்று ஆண்டில் 500 படகுகூட மாறவில்லை என்பது வேறு பேச்சு. ஆனால் மானியமே கூடாது என்றால் மடியை விடுவதற்கு வழி ஏது? படிக்கிற தம்பி இதற்குப் பதில் சொல்லட்டும்.

தொண்டி இளையவன்

மடியிலிருந்து மாறுவதற்குக் கொடுக்கும் உதவியை டீசலோடு சேர்க்க நான் சொல்லவில்லை, அண்ணா. இரண்டாம் பகுதியின் வரைவுகளில் கரையோரச் சிறு மீனவருக்கு 12 கடல்மைல் வரை விலக்கு பேசப்பட்டது. முழுதாக எதிர்த்து வெளியே நிற்பதைவிட, உள்ளே நின்று அந்த விலக்கை விரிவாக்கலாமே.

உள்ளே நின்று வென்றதும் உண்டு. ஆமையைக் கொல்லாமல் பிடித்த இறாலுக்கு மட்டும் அனுமதி என்று அமெரிக்கா சட்டம் போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. அமெரிக்கா அந்தச் சட்டத்தை நாட்டுக்கு நாடு பாரபட்சமாக நடைமுறைப்படுத்தியது என்று 1998இல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 30 அன்று, அந்த அமைப்பின் மாநாடு நடந்த சியாட்டில் நகரத் தெருவில் ஆமை வேடமிட்டு அமெரிக்க இளைஞர்கள் திரண்டது அந்தத் தீர்ப்பை எதிர்த்தும்தான். ஊர்வலத்தைப் பெருமையாகச் சொல்கிறவர்கள், அந்த வழக்கில் ஆமைக்கு எதிர்ப்பக்கம் இந்தியா நின்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

கரைவலை, பாம்பன்

சொல்கிறேன். பங்குனி ஆமை சாவதில் எனக்குச் சம்மதம் இல்லை. 2025 தொடக்கத்தில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது வெட்கமாக இருந்தது. ஆனால் வழக்கில் வென்ற பிறகு என்ன ஆனது? அமெரிக்கா நடைமுறையைச் சற்று மாற்றியது, சட்டத்தை வைத்துக்கொண்டது. கடலில் பிடித்த இந்திய இறாலுக்கு 2019 முதல் அங்கே தடை. ஆமை தப்பிக்கும் கருவியைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எப்போதோ வடிவமைத்துவிட்டது. அதை எல்லா மடியிலும் பொருத்த வைக்க நம் அரசுக்குத் துணிவு இல்லை. இது நம் வீட்டு வேலை. இதற்கு ஜெனீவா எதற்கு?

மடியைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கி 1983இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதை நிறைவேற்றச் சொல்லி ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்பவர்கள் நாங்கள். விசைப்படகு அண்ணனும் எதிரே நிற்பார், நாங்கள் முட்டிக்கொள்வோம். ஆனால் கேள்வி கேட்கவும் ஓட்டுப் போடவும் அங்கே எங்களுக்கு உரிமை உண்டு.

12 மைல் விலக்கு என்றாயே, தம்பி, அதன் பொருளை யோசித்தாயா? கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் தூண்டிலை வைத்தே ஆழ்கடல் போகிறார்கள். அந்த விதி வந்தால் நாளை என் மகன் சூரைக்குப் போக நினைத்தாலும் 12 மைல் தாண்டியதும் உதவி அறுந்துவிடும். அதே வரைவில் பெரிய நாடுகளுக்கு வேறு வழி வைத்தார்கள். வளத்தைக் காக்க நடவடிக்கை எடுக்கிறோம் என்று காட்டினால் மானியத்தைத் தொடரலாம். அதைக் காட்ட ஆய்வுக் கப்பலும் விஞ்ஞானியும் கணக்கும் வேண்டும். யாரிடம் இருக்கின்றன அவை? 2018இல் உலகம் மீன்பிடிக்குக் கொடுத்த மானியம் 3,500 கோடி டாலருக்கு மேல் என்பது ஆய்வாளர் மதிப்பீடு, முதலிடம் சீனாவுக்கு. முன்பே நிரப்பிக்கொண்டவன் அப்படியே இருக்கலாம், இப்போது எழுகிறவன் கரையோரத்தில் உட்கார வேண்டும். அதைத்தான் எதிர்க்கிறேன்.

பாசி எடுப்பவள், சின்னப்பாலம்

நீங்கள் எல்லோரும் படகைப் பற்றியே பேசுகிறீர்கள். படகு இல்லாத எங்களைச் சொல்ல வந்தேன்.

மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற கடற்பாசிகளை எடுக்கத் தீவுக்குப் போவோம். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்றானது. அதன் பிறகு வனத்துறையைக் கண்டால் ஓட்டம். பிறகு மூங்கில் தெப்பத்தில் கப்பாபைகஸ் பாசி வளர்க்கச் சொல்லி ஒரு நிறுவனம் வந்தது. 45 நாளில் அறுவடை, மகளிர் குழுவுக்கு வங்கிக் கடன், நிறுவனமே வாங்கிக்கொள்ளும் என்றார்கள். சில ஆண்டுகள் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். 2013க்குப் பிறகு வெயிலில் பாசி அழுகியது. தெப்பத்துக்கு வாங்கிய கடன் எங்கள் பெயரில் இருந்தது. நட்டமும் எங்களுடையது. விலை மட்டும் முதல் நாளிலிருந்தே அவர்கள் வைத்ததுதான். காயவைத்த பாசியில் ஈரம் அதிகம் என்று எடையைக் குறைத்தார்கள். கேட்க இடமில்லை, வாங்குபவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் காகிதத்தில் ஜெனீவா கிடையாது, பிரிட்டன் கிடையாது. எங்கள் கரையிலேயே எழுதிய காகிதம். இப்போது தொண்டிக்குப் பக்கத்தில் வலமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. அங்கே குறைந்தபட்ச விலை யார் வைப்பார்கள் என்று உங்கள் மனுவில் ஒரு வரியாவது இருக்கிறதா, தம்பி?

கீழக்கரை வணிகன்

சகோதரி சொன்னதற்கு என்னிடமும் பதில் உண்டு. வாங்குபவர் ஒருவராக இருந்ததால்தான் விலை அவர் சொன்னதாக இருந்தது. பத்து நாட்டிலிருந்து பத்துப் பேர் வந்தால் அந்த ஆணவம் நிற்காது. அதற்குத்தான் சந்தை திறக்க வேண்டும் என்கிறேன்.

அந்நியக் கப்பல் வந்துவிடும் என்ற பயமும் இப்போது வேண்டாம். 2025 நவம்பரில் வந்த விதிகள் நம் பொருளாதாரக் கடல் மண்டலத்தில் அந்நியக் கப்பலுக்கு இடமில்லை என்கின்றன, கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை தருகின்றன.

கரைவலை, பாம்பன்

விதி நல்லது, வரவேற்கிறேன். ஆனால் 1991இல் கூட்டு முயற்சி என்ற பெயரில் வெளிநாட்டுக் கப்பலுக்கு உரிமம் கொடுத்ததும் ஒரு கொள்கை அறிவிப்புதான். அதைத் திருப்ப நாடு முழுக்கத் துறைமுகங்கள் அடைபட வேண்டியிருந்தது. தேசிய மீன்பிடித் தொழிலாளர் பேரவை நடத்திய போராட்டத்துக்குப் பிறகு முராரி குழு அமைந்தது. 1996இல் அது 21 பரிந்துரைகள் கொடுத்து உரிமங்களை ரத்து செய்யச் சொன்னது, 1997இல் அரசு ஏற்றது. இந்தப் பேச்சை வாசிக்கும் இளையவர்கள் அந்தக் காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்நாட்டுக் கொள்கை என்பதால் நம்மால் திருப்ப முடிந்தது. வெளிநாட்டு ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் எந்தத் துறைமுகத்தை அடைத்துத் திருப்புவது?

பத்துப் பேர் வாங்க வருவார்கள் என்கிறீர்கள், காக்கா. நண்டுக்கு வந்தார்களே. நீலக்கால் நண்டின் சதையைப் பிரித்தெடுக்கும் பெண்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வெளியே விலை ஏறினால் அந்தக் கூலி ஏறியதா? விலை இறங்கினால் மட்டும் மறுநாளே தெரிந்துவிடும்.

அக்கா, பாசி விலை மனுவில் இல்லை. இன்று சேர்க்கிறேன். வலமாவூர்ப் பூங்காவில் வாங்கும் விலையை அரசும் மகளிர் குழுக்களும் சேர்ந்து வைக்க வேண்டும், நட்டத்தில் வாங்குபவருக்கும் பங்கு வேண்டும் என்று எழுதுகிறேன்.

கீழக்கரை வணிகன்

பாசி விலைக் கோரிக்கைக்குக் கீழே என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். நண்டுச் சதைக் கூலிக்கும் தனி வரி எழுதினால் போடுவேன். ஒப்பந்தத்தை ஏற்கக் கூடாது என்ற முதல் கோரிக்கைக்குப் போட மாட்டேன். 200 மைல் விலக்குக் கிடைத்தால் ஏற்கலாம் என்று மாற்றினால் யோசிப்பேன்.

விசைப்படகு, ராமேஸ்வரம்

எனக்கு ஒரே கேள்வி. மனுவில் டீசல் பற்றி என்ன எழுதப் போகிறீர்கள்? 19,000 லிட்டரைக் குறைக்கச் சொன்னால் எங்கள் சங்கம் உங்களோடு வராது.

கரைவலை, பாம்பன்

குறைக்கச் சொல்லவில்லை, அண்ணா. மடியை விட்டுத் தூண்டிலுக்கும் செவுள்வலைக்கும் மாறுகிற படகுக்கு 19,000 லிட்டர் அப்படியே தொடரட்டும், மாறாத படகுக்கு ஆண்டுக்கு ஆண்டு இறங்கட்டும், இறங்குவது நாட்டுப்படகின் 4,400 லிட்டரோடு சேரட்டும் என்று எழுதப் போகிறேன். உங்கள் சங்கத்தில் பேசிவிட்டுச் சொல்லுங்கள். அந்த வரியை எடுக்க மாட்டேன்.