கேம் கன்ட்ரோலர் பட்டன் வேலை செய்யலைன்னா பென்சில் தேய்க்கலாமா?

முத்தியால்பேட்டை மரியோ
புதுச்சேரி சண்டே மார்க்கெட்ல பழைய 8 பிட் டிவி வீடியோ கேம் செட்டு வாங்குறவங்களுக்கு வேற குரூப்ல ஒருத்தர் அறிவுரை சொல்லியிருக்கார்: "பட்டன் வேலை செய்யலைன்னா கன்ட்ரோலரைத் தூக்கிப் போடுங்க, அதுல சரிபண்ண ஒண்ணுமில்ல." படிச்சதும் எரிச்சலாயிடுச்சு. பின்பக்க ஸ்க்ரூவைக் கழட்டுங்க. ரப்பருக்கு அடியில இருக்கிற கறுப்புப் பொட்டு மேல பென்சிலை நல்லா தேய்ங்க. அஞ்சு நிமிஷ வேலை, பத்து ரூபா பென்சில். முடிஞ்சுது.

ஓ.டி. கான்ட்ரா
தூக்கிப் போடச் சொன்னவர் தப்புன்னா நீங்க அதைவிடத் தப்பு. பென்சில் முனை வெறும் கிராஃபைட் இல்ல, களிமண்ணைக் கலந்து சுட்டது. போதாததுக்கு மெழுகு வேற ஏத்தியிருப்பாங்க. கரண்ட் பாய வேண்டிய இடத்துல களிமண்ணைப் பூசிட்டு முடிஞ்சுதாம்.

முதல்ல எது போச்சுன்னு பாருங்க. எட்டு பட்டனும் ஒட்டுமொத்தமா செத்திருந்தா ரப்பர் மேல பழி போடாதீங்க, பெரும்பாலும் ஒயர்தான். உள்ள அஞ்சு ஒயர்: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச் (பட்டன் நிலையைப் பிடிச்சு வைக்கிற சிக்னல்), கிளாக் (ஒவ்வொண்ணா அனுப்பச் சொல்ற சிக்னல்), டேட்டா. அந்த ஒரே டேட்டா ஒயர்லதான் ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலதுன்னு எட்டும் வரிசையா போகுது. அது அறுந்தா எட்டும் போச்சு. பெரும்பாலும் கன்ட்ரோலருக்குள்ள நுழையுற வளைவுலதான் அறும். ஒரே ஒரு பட்டன் மட்டும் மக்கர் பண்ணாத்தான் ரப்பர்.

ரப்பரை சோப்புத் தண்ணில கழுவி ராத்திரி முழுக்க நிழல்ல காயவிடுங்க. உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. போர்டுல கறுப்பா தெரியிறது அழுக்கு இல்ல, அதுவும் கார்பன் பூச்சு. உப்புத்தாள், அழிரப்பர் எதுவும் அதைத் தொடக்கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கரைச்சிடும்.

அப்புறம் மல்டிமீட்டர். செலக்ட் பட்டன் ரொம்ப உழைச்சிருக்காது. அதோட பொட்டையும் ஏ பட்டனோட பொட்டையும் வெச்சு மின்தடையை அளந்து பாருங்க. செலக்ட் சில நூறு ஓம் காட்டும்போது ஏ பல ஆயிரத்துல நின்னா, ஏ தேஞ்சுபோச்சு. கரண்ட் கடத்துற கண்டக்டிவ் பெயின்ட் பூசுங்க, இல்ல ரப்பர் செட்டையே மாத்துங்க.

முத்தியால்பேட்டை மரியோ
இதைப் படிக்கிற நேரத்துல நாலு கன்ட்ரோலரை முடிச்சிடலாம் சார். மெத்துன்னு எழுதுற 8பி பென்சில்ல களிமண் கம்மி. நான் சாதா எச்பின்னு எங்க சொன்னேன்?

ஓ.டி. கான்ட்ரா
8பின்னும் சொல்லலியே. வெறும் பென்சில்னுதான் எழுதினீங்க, மேல ஏறிப் பாருங்க. கம்மியா இருந்தாலும் களிமண் களிமண்தான்.

லாஸ்பேட்டை லிங்க்
ஒரு சந்தேகம். 'சரியாயிடும்'னு ரெண்டு பேரும் சொல்றீங்களே, ஒரு ஆட்டம் முடியறவரைக்குமா, ஒரு வருஷத்துக்கா?

முத்தியால்பேட்டை மரியோ
அலுமினியம் ஃபாயில் ஒட்டுறதுக்கு பென்சில் எவ்வளவோ மேல்னாவது ஒத்துக்குவீங்களா?

ஓ.டி. கான்ட்ரா
ஃபாயில் போர்டு பூச்சைச் சுரண்டும், மேல ஆக்சைடு படிஞ்சா கரண்டையும் விடாது. ஆனா அதுல களிமண் இல்ல.

சாரம் 60 பின்
மரியோ, வாத்து சுடுற டக் ஹன்ட் கேமோட துப்பாக்கி எல்இடி டிவில ஓடும், பிரைட்னஸை ஏத்தினா போதும்னு போன மாசம் சொன்னது நீங்கதானே? அதுக்கே இன்னும் பதில் வரல. ட்ரிக்கரை இழுத்ததும் திரை கறுப்பாகும், அடுத்த ஃபிரேம்ல வாத்து இருக்கிற இடத்துல வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி அந்த ஃபிரேம்லதான் வெளிச்சத்தைத் தேடுது. எல்இடி டிவி படத்தை வாங்கி லேட்டாத்தான் காட்டும். பிரைட்னஸை சூரியன் அளவுக்கு ஏத்தினாலும் வாத்து விழாது, கேம்ல வர்ற நாய்தான் சிரிக்கும்.

முத்தியால்பேட்டை மரியோ
அது வேற திரி. கேம் கேசட்டை வாயால ஊதிப் போடுற ஆளெல்லாம் எனக்குப் பாடம் எடுக்காதீங்க. எச்சில் ஈரத்துல பின் அரிச்சுப்போகும்னு தெரியுமா?

சாரம் 60 பின்
ஊதினா வேலை செய்யுது.

ஓ.டி. கான்ட்ரா
ஊதுறதால இல்ல தம்பி, கழட்டித் திரும்பச் சொருகுறதால. பின் உரசி இடம் மாறி உட்காருது. விஷயத்துக்கு வாங்க, களிமண்.

முத்தியால்பேட்டை மரியோ
களிமண் களிமண்னு... பீச் ரோடு பக்கம் உப்புக்காத்துல எதுவும் நிக்காது. உங்க பெயின்ட்டும் உரிஞ்சிடும், திரும்பப் பென்சில்தான்.

ஓ.டி. கான்ட்ரா
உப்புக்காத்து கார்பனை ஒண்ணும் பண்ணாது. பூச்சு போய் செம்பு வெளிய தெரிஞ்சாத்தான் பச்சை பூக்கும். அந்தப் பூச்சைச் சுரண்டுறது யாருன்னு யோசிங்க.

முத்தியால்பேட்டை மரியோ
கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) ஆளு, ஊர் பேர்லயே கடலை வெச்சுகிட்டு உப்புக்காத்தை நம்ப மாட்டேங்கிறார்!

மஞ்சக்குப்பம் மெகாமேன்
கூடலூர்தான் கடலூராச்சு. பேருக்கும் கடலுக்கும் சம்பந்தமில்ல.

முத்தியால்பேட்டை மரியோ
அப்ப கடலூர் சில்வர் பீச்ல அலையடிக்கிறது என்ன, கெடிலம் ஆறா?

மஞ்சக்குப்பம் மெகாமேன்
பேரைத்தான் சொன்னேன். பாண்டிக்காரங்களுக்குப் பொறுமையா படிக்கவே வராதா?

ஓ.டி. கான்ட்ரா
ஊர்ச் சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். ஒரே ஒரு சோதனை. கான்ட்ரா கேமோட டைட்டில் திரையில 30 லைஃப் தர்ற ரகசியக் கோடு: மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ, ஸ்டார்ட். ரெண்டு பேர் ஆடுறதுன்னா ஸ்டார்ட்டுக்கு முன்னாடி செலக்ட். எட்டு பட்டனும் பரீட்சை எழுதிடும். லைஃப் ஏத்தியே வர்ற கேசட்ல இதைப் பார்த்துப் பிரயோஜனமில்ல. பென்சில் பூசின கன்ட்ரோலர்ல மரியோ தொடர்ந்து பத்து தடவை போட்டுக் காட்டட்டும்.

முத்தியால்பேட்டை மரியோ
பதினோரு தடவை போடுறேன். 8பில.

லாஸ்பேட்டை லிங்க்
ஒரு ஆட்டமா, ஒரு வருஷமா?

ஓ.டி. கான்ட்ரா
8பின்னா இன்னும் மோசம். மெத்துன்னு இருக்கிறதால தூள் உதிரும். போர்டுல ரெண்டு கார்பன் கோட்டுக்கு நடுவுல உட்கார்ந்துச்சுன்னா, யாரும் தொடாமலே கேம்ல ஆள் குதிச்சுகிட்டு இருப்பான். அந்தத் தூளை என்ன பண்ணுவீங்க?

முத்தியால்பேட்டை மரியோ
ஊதிக்கலாம். அதான் சாரம் அண்ணன் இருக்காரே.