கூடையில் இருபது உடுப்பு

சின்னவள்: நுவரெலியாவில் வேலை உறுதியாகிவிட்டது தெரியும்தானே, அடுத்த மாதத்திலிருந்து தலவாக்கலையிலிருந்து தினமும் பஸ். டராஸ் ஒன்லைன் கடையில் கூடை நிரப்பிப் பார்த்தேன், இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. படம் எல்லாம் நம் குடும்ப குரூப்பில் மேலே போட்டிருக்கிறேன். எதை எடுக்க, எதை விட?

அண்ணன்: கடை போடப் போகிறாயா?

சின்னவள்: பார்க்கிறதுக்குக் காசா கேட்கிறான்?

பெரியக்கா: பார், நானும் டேட்டா முடியும் வரை பார்க்கிறவள்தான். ஆனால் வாங்கும்போது அழகுக்கு முன்னால் அது காயுமா என்று பார். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை நம் பக்கம் வெயில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, கொடியில் போட்டது மூன்றாம் நாளும் சில்லென்று கிடக்கும். அதனால் கிழமைக்கு எத்தனை நாள் வேலை என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதே, துவைத்தது காய எத்தனை நாள் என்பதையும் சேர். ராத்திரிக்குள் காய்கிற துணி என்றால் மூன்று டொப் போதும், மூன்று நாள் எடுக்கும் என்றால் ஐந்து வேண்டும்.

அத்தை: டெனிம் மட்டும் நாலு எடுத்திருக்கிறாளே! நனைந்தால் இடுப்புப் பட்டியும் பொக்கெட்டும் லேசில் காயாதடி.

சின்னவள்: டெனிம் இல்லாமல் எப்படி அத்தை?

அத்தை: ஒன்று வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைக்கு.

அண்ணன்: படத்துக்குக் கீழே துணி என்ன என்று போட்டிருப்பான், அதை வாசி. முழுப் பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடாது. முழுப் பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் காலை பஸ் நெரிசலில் நாற்றம் பிடித்துவிடும். இரண்டும் கலந்ததுதான் சரி. துணி விவரமே போடாதவனிடம் வாங்காதே.

பெரியக்கா: அளவும் பார். உனக்குச் சரியாக இருக்கிற ஒரு சட்டையைக் கட்டிலில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கு, அதுதான் சட்டையின் மார்புச் சுற்று. அவன் அட்டவணை சென்டிமீட்டரில் இருந்தால் 2.54ஆல் வகுத்தால் அங்குலம் வரும். எக்ஸ்எல் என்ற எழுத்தை மட்டும் நம்பாதே, ஒவ்வொருவன் எக்ஸ்எல்லும் ஒவ்வொரு மாதிரி.

சின்னவள்: கிரீம் கலர் காற்சட்டை?

அத்தை: தோட்டத்துப் பாதையில் இறங்கி ரோட்டுக்கு வருவதற்குள் அது செம்மண் கலர்.

அண்ணன்: கறுப்பு ஒன்று, கடும் நீலம் ஒன்று. மேலே எதைப் போட்டாலும் சேரும்.

மாமா: இப்போதுதான் பார்த்தேன். ஜாக்கெட் ஒன்லைனில் எடுக்காதே மகள். நுவரெலியா டவுனில் குளிர் உடுப்பு விற்கிற பேல் பஜார் இருக்கிறது, தொட்டுப் பார்த்து, சிப்பை நாலு தடவை இழுத்துப் பார்த்து, போட்டுப் பார்த்து, பேரமும் பேசலாம். உள்ளே ஃபிளீஸ் வைத்ததாகப் பார். அந்த டவுன் 1,868 மீட்டர் உயரம், ஜனவரி பெப்ரவரியில் விடியற்காலையில் புல்லில் உறைபனி கிடக்கும், தலவாக்கலைக் குளிரை வைத்து யோசிக்காதே. மழைக்குத் தனியாக ஒரு மெல்லிய ரெயின்கோட் எடு, அதை உதறிக் கொளுவினால் காய்ந்துவிடும். இருக்கிற ஒரே தடித்த ஜாக்கெட்டும் நனைந்துபோனால் மறுநாள் எதைப் போடுவாய்?

அம்மா: சாரி வாங்காதே. அலுமாரியில் என்னுடையதே பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது, எடுத்துக் கட்டு.

சின்னவள்: சரி, கலப்புத் துணி டொப் நாலு, காற்சட்டை இரண்டு, ரெயின்கோட். மற்றதை எல்லாம் விருப்பப் பட்டியலில் தள்ளிவிட்டேன், நவம்பர் 11ஆம் திகதி டராஸின் 11.11 தள்ளுபடி விற்பனை வரும்போது இன்னும் ஆசை இருந்தால் பார்க்கலாம்.

மாமா: முகவரிக்கு என் கடையைப் போடு. தோட்டத்து லயத்து வீட்டு நம்பர் போட்டால் கூரியர்காரன் டவுனில் நின்றுகொண்டு உன்னை வரச் சொல்வான்.

அத்தை: அப்படியே மாமாவுக்கும் ஒரு ஸ்வெட்டர் பாரடி, 42 அங்குலம். அவர் கேட்டால் சாம்பல் கலர் என்பார், எடுக்காதே.