பாட்டி வீடு குழு: முகில் கையில் இருக்கும் புத்தகம்

சித்தி: முகிலுக்கு என்ன புத்தகம்டி கொடுத்தாய்? சாப்பிடக்கூட எழுந்து வரமாட்டேன் என்கிறான். புரட்டிப் பார்த்தேன். ஆறு வயதுப் பையனைப் பட்டாளத்தில் சேர்க்கிறார்கள்!

நான்: ‘எண்டர்ஸ் கேம்’ சித்தி, அறிவியல் புனைகதை நாவல். ஆர்சன் ஸ்காட் கார்ட் எழுதியது. 1985இல் வந்தது, ஹியூகோ, நெபுலா ரெண்டு விருதும் வாங்கியது.

சித்தி: விருது இருக்கட்டும். பெற்றவர்கள் எப்படி அனுப்பினார்கள்?

நான்: அந்த உலகத்தில் ரெண்டு பிள்ளைதான் பெறலாம். அந்தப் பையன் எண்டர் மூன்றாவது. படைக்கு ஆகட்டும் என்று அரசாங்கமே அனுமதி கொடுத்துப் பிறந்தவன்.

முகில்: அம்மா, அவர்கள் பயிற்சி எடுக்கும் சண்டை அறையில் எடையே கிடையாது, எல்லாரும் மிதப்பார்கள். சுட்டால் உடை விறைத்துவிடும். எண்டர் எதிரியின் வாசலைக் ‘கீழே’ என்று வைத்துக்கொள்வான். காலை மடக்கி முன்னால் நீட்டிக்கொண்டு போனால் காலே கேடயம்!

சித்தி: அதான் நேற்று கட்டிலில் தலைகீழாகத் தொங்கினாயா?

மாமா: அருமையான புத்தகம். அமெரிக்க மரைன் படையின் வாசிப்புப் பட்டியலில்கூட இருந்தது.

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: மாமா!! முடிவைச் சொல்லிவிட்டீர்களே! அவன் இன்னும் கதையில் டிராகன் படை வரும் இடத்துக்கே வரவில்லை.

மாமா: உனக்குத் தனியாக அனுப்புவதாக நினைத்தேன். கண்ணாடி போடவில்லை.

முகில்: பார்த்துவிட்டேன். “கடைசிப் பரீட்சை என்று நினைத்து” வரைக்கும்.

சித்தி: அண்ணா, உனக்கு எப்போதுமே வாய் நிற்காது.

நான்: எனக்குச் சண்டையைவிட, எண்டரைப் படைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் கர்னல் கிராஃப்தான் வயிற்றைக் கலக்கினார் சித்தி. விண்கலத்தில் மற்றப் பையன்கள் எதிரிலேயே ‘இவன் ஒருவனுக்குத்தான் மூளை’ என்கிற மாதிரி புகழ்வார். வேண்டுமென்றேதான். எல்லாரும் அவனை வெறுக்கவேண்டும், அவன் தனியாக நிற்கவேண்டும். அத்தியாயத் தொடக்கத்தில் எல்லாம் பெரியவர்கள் பேச்சு மட்டும் வரும், ‘இன்னும் எவ்வளவு தாங்குவான்’ என்று.

சித்தி: போன கல்யாணத்தில் முகில் மார்க்கைச் சொல்லிச் சொல்லி மற்றப் பிள்ளைகளைத் திட்டினார்களே. அதற்கப்புறம் ஒருத்தனும் இவனை ஆட்டத்தில் சேர்க்கவில்லை.

முகில்: 🙄

மாமா: முகில், நீ பார்த்த அந்த வரி பொய்டா. சும்மா உன்னைச் சோதிக்கத்தான் போட்டேன்.

முகில்: கர்னல் கிராஃப் மாதிரியே பேசுகிறீர்கள் மாமா.