எறும்புக்கு இறக்கை முளைத்தால் தேனீயா?

விடைதேடி:
முந்தாநாள் மழை விட்டதும் விளக்கடியில் ஒரு பூச்சி வந்து விழுந்தது. எறும்பு மாதிரி உடம்பு, இறக்கை மட்டும் கூடுதல். என் ஏழு வயது மகன் அதைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தான். காலையில் திறந்தால் இறக்கைகள் தனியாகக் கிடக்கின்றன, பூச்சி சாதாரண எறும்பு போல நடக்கிறது. "தேனீயோட இறக்கை விழுந்துட்டா எறும்பு ஆயிடும்பா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

சிரித்தேன். மறுத்துச் சொல்லப் போனால் வாய் வரவில்லை. தேனீ பறக்கும், எறும்பு பறக்காது என்பதுதான் என் கையில் இருந்த ஒரே பதில். அதையும் இந்தப் பூச்சி கெடுத்துவிட்டது. இரண்டுக்கும் ஆறு கால், இரண்டிலும் ராணி, இரண்டும் கூட்டம். அப்படியென்றால் எதில்தான் வேறுபடுகின்றன? மற்ற பூச்சிகளிலிருந்து இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

ஒருவரிப்பதில்:
மழைக்குப் பிறகு விளக்கைத் தேடி வந்து இறக்கையை உதிர்க்கிறது என்றால் அது ஈசல். எறும்பே இல்லை.

பூதக்கண்ணாடி:
அவசரப்பட வேண்டாம். ஈசலும் உதிர்க்கும், எறும்பின் ராணியும் உதிர்க்கும். இடுப்பைப் பாருங்கள். ஈசலுக்கு இடுப்பே கிடையாது, மார்பும் வயிறும் ஒரே தடிமன். எறும்புக்கு நூலாகச் சிறுத்து, நடுவில் ஒன்றோ இரண்டோ கணு புடைத்திருக்கும். ஈசலின் உணர்கொம்பு மணி கோத்தது போல நேராக இருக்கும். எறும்பினுடையது முழங்கை மாதிரி மடங்கும். ஈசலின் நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், எறும்புக்கு முன்னிறக்கை பெரிது. ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். உருவம் எப்படி இருந்தாலும் கறையான் கரப்பான் பூச்சியின் சொந்தம். எறும்புக்கு உறவே இல்லை.

உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி என்பேன். எறும்பு, தேனீ, குளவி மூன்றும் ஒரே வரிசை. எறும்பும் தேனீயும் 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே வேட்டையாடும் குளவிகளிலிருந்து தனித்தனியாகப் பிரிந்து போனவை. என்னைக் கேட்டால் வித்தியாசத்தை அங்கிருந்துதான் பார்க்க வேண்டும். எறும்பு தரைக்கு இறங்கியது, தேனீ இறைச்சியை விட்டது.

தேனீ தன் புழுக்களுக்கு மகரந்தம் ஊட்டுகிறது. அதை அள்ள உடம்பெங்கும் மயிர். நுண்ணோக்கியில் ஒவ்வொரு மயிரும் சின்னச் சின்னக் கிளை விட்டிருக்கும். எறும்பு மண்ணுக்குள் போனதால் வேலைக்காரிகளுக்கு இறக்கை வேண்டாமல் போயிற்று. மண்ணென்றால் பூஞ்சையும் கிருமியும். அதற்கு மார்பின் பின்புறம் ஒரு சுரப்பி, கிருமியைத் தடுக்கும் திரவத்தைச் சுரக்கும். சில எறும்பினங்கள் அதை இழந்துவிட்டன, ஆனால் எறும்பைத் தவிர வேறு எந்தப் பூச்சிக்கும் அது கிடையாது.

ஈயைப் பற்றி ஒரு சொந்தக் கதை. பெயரில் 'ஈ' இருந்தாலும் தேனீ ஈ இனம் அல்ல. ஈக்கு இறக்கை இரண்டுதான், தேனீக்கு நான்கு. வகுப்பில் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் ஒன்று உட்கார்ந்தது. மஞ்சள் கோடு போட்டுத் தேனீ வேஷம் கட்டும் ஈக்கள் உண்டு. எண்ணிப் பார்த்தேன், இரண்டு இறக்கை. "பாருங்கள், இது ஒன்றும் செய்யாது" என்று விரலால் பிடித்துக் காட்டினேன். கொட்டியது. தேனீயின் பின்னிறக்கை விளிம்பில் வரிசையாகக் கொக்கிகள் இருக்கின்றன. பறக்கும்போது அவை முன்னிறக்கையைக் கவ்விக்கொள்வதால் நான்கும் இரண்டாகத்தான் தெரியும். அந்தப் பாடத்தை அன்றைய மாணவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

விடைதேடி:
இடுப்பு நூலாகத்தான் இருக்கிறது, உணர்கொம்பும் மடங்குகிறது. அப்போ ராணி எறும்பா! பெட்டியில் தனியாக இருந்தால் செத்துப் போகாதா? தேனீ ராணிக்குத்தான் எப்போதும் பரிவாரம் வேண்டுமாமே.

பூதக்கண்ணாடி:
இரண்டுக்கும் பெரிய வேறுபாடே அதுதான். தேனீ ராணியால் தனியாக ஒரு குடும்பத்தைத் தொடங்க முடியாது. பழைய ராணி ஆயிரக்கணக்கான வேலைக்காரிகளோடுதான் கூட்டைவிட்டுக் கிளம்பும். எறும்பு ராணியோ பெரும்பாலும் ஒற்றை ஆள். பல இனங்களில் கலவிப் பறப்பு முடிந்ததும் இறக்கையைக் கழற்றி, மண்ணில் குழி பறித்து அடைத்துக்கொள்ளும். இனிப் பறக்கப் போவதில்லை. அதனால் பறக்கும் தசைகளையே கரைத்து முதல் ஈட்டுப் புழுக்களுக்கு ஊட்டும். வாரக்கணக்கில் பட்டினி. பிழைத்துவிட்டால் ஆயுள் கெட்டி: லேசியஸ் நைகர் என்ற கறுப்பு எறும்பின் ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கும் மேல் இருந்திருக்கிறது. கோடைகாலத்து வேலைக்காரத் தேனீக்கு ஆறு வாரம்தான்.

தீப்பெட்டியில் மண் இல்லை. விட்டுவிடுங்கள்.

கருவண்டு:
ஒரு திருத்தம். 'இரண்டும் கூட்டம்' என்று கேள்வியிலேயே இருக்கிறது. எறும்புக்குச் சரி. தேனீக்குச் சரியில்லை. உலகில் ஏறத்தாழ 20,000 தேனீ இனங்கள், அவற்றில் பெரும்பாலானவை தனிக்கட்டைகள். ராணி கிடையாது, தேனடை கிடையாது. இலையை வட்டமாக வெட்டிச் சுருட்டித் தன் புழுவுக்கு அறை கட்டும் ஒன்று இருக்கிறது. ரோஜா இலையில் ஓட்டை போட்ட மாதிரி துண்டு காணாமல் போயிருந்தால் அதன் வேலைதான். மரத்தைக் குடைந்து ரீங்காரமிடும் கருவண்டும் தேனீ இனமே. நாம் அதை வண்டு என்கிறோம். கெட்டியான ஓடு போல முன்னிறக்கை உள்ள நிஜ வண்டுக்கும் அதே பெயரைச் சொல்கிறோம். மெழுகு அடை கட்டித் தேன் சேர்க்கும் ஏபிஸ் பேரினத்தில் இருக்கும் இனங்கள் ஒரு டஜனைத் தாண்டாது.

ஒருவரிப்பதில்:
ஈசல் விஷயத்தில் நான் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேனீ கொட்டும், எறும்பு கடிக்கும். இதுவாவது சரிதானே?

பூதக்கண்ணாடி:
பாதி. நெருப்பெறும்பு வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு வால் பக்கத்துக் கொடுக்கால் கொட்டும். எரிச்சல் அந்தக் கொடுக்கால் வருவது. கொடுக்கே இல்லாமல் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும் எறும்புகளும் இருக்கின்றன. தேனீக் கொடுக்கில் முள் இருப்பதால் நம் தோலில் மாட்டிக்கொள்ளும், தேனீ அதோடு சரி.

விடைதேடி:
தொட்டிச் செடி மண்ணில் விட்டாயிற்று. நிமிடத்தில் புதைந்துவிட்டது. இப்போது பெட்டியில் மூன்று இறக்கைகள்தான் இருக்கின்றன. நான்காவதைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் டார்ச்சோடு படுத்திருக்கிறான்.