சின்னப் பிள்ளைகளோடு வீட்டில் செபமாலை: எவ்வளவு, எப்படி?

அந்தோணியார்தெரு (கேள்வி):

இயேசுவுக்கே புகழ்! வீட்டில் 8 வயது மகள், 5 வயது மகன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் முழு செபமாலை (மணிகளை உருட்டி, பத்துப் பத்தாக ஐந்து முறை சொல்லும் மாதா செபம்), பிறகு மாதா மன்றாட்டுமாலை. இரண்டாவது பத்திலேயே சின்னவன் தூங்கி விழுகிறான். பெரியவளுக்கு வாய் மட்டும் ஓடுகிறது. உன் வேண்டுதலைச் சொல் என்றால் சைக்கிள் வேண்டும் என்கிறான் இவன். பாட்டி குணமாக வேண்டி எல்லோரும் செபித்தும் அவர் இறந்துவிட்டார், "இயேசப்பா ஏன் கேக்கல?" என்கிறாள் அவள். குழந்தைகளைப் போல் ஆகவேண்டும் என்று பெரியவர்களுக்குப் பிரசங்கம் வைக்கிறார்கள். குழந்தைகளுக்கே செபிக்கப் பழக்குவது எப்படி?

மறைக்கல்வி_டீச்சர்:

முதல் காரியம், நேரத்தை மாற்றுங்கள். சோறு உண்ட வயிற்றோடு எந்த ஐந்து வயதுப் பிள்ளையும் தூங்கத்தான் செய்யும். சாப்பாட்டுக்கு முன், விளக்கு வைக்கிற நேரம் நல்லது.

அடுத்தது அளவு. முழு செபமாலையில் 53 அருள் நிறைந்த மந்திரம் (மாதாவிடம் சொல்வது), 6 பரலோக மந்திரம் (இயேசு கற்றுத்தந்த செபம்). நிதானமாகச் சொன்னால் இருபது நிமிடம், மன்றாட்டுமாலை தனி. சின்னவனுக்கு ஒரே ஒரு பத்து போதும்: ஒரு பரலோக மந்திரம், பத்து அருள் நிறைந்த மந்திரம், ஒரு திரித்துவப் புகழ். நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். அது முடிந்ததும் நெற்றியில் சிலுவை வரைந்து, "நீ போய் விளையாடலாம்" என்று முகம் மலர்ந்து அனுப்புங்கள். அடம்பிடித்ததால் துரத்திவிட்டார்கள் என்று அவனுக்குப் படக்கூடாது. மீதியை நீங்கள் தொடருங்கள். பிள்ளை பக்கத்தில் பொம்மை வைத்துக்கொண்டிருந்தாலும் காதில் விழும்.

மந்திரத்தின் முதல் பாதியை அவனுக்குச் சொல்லித்தரப் பாடுபட வேண்டாம். எல்லோரும் சேர்ந்து சொல்கிற "தூய மரியே" என்ற இரண்டாம் பாதிதான் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் வாயில் வரும். அதை மட்டும் சேர்ந்து சொல்லட்டும்.

பெரியவளுக்கு ஒரு பத்தை நடத்தக் கொடுங்கள். மணியை உருட்டிக் கணக்கு வைத்து முதல் பாதியைச் சொல்கிறவளுக்கு மனம் எளிதில் அலையாது. வாய் மட்டும் ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நாம்தான். வீட்டில் யார் வேகமாகச் சொல்கிறார்களோ அவர் வேகத்துக்கே மற்றவர்கள் இழுபடுகிறார்கள். "இயேசுவும்" என்ற இடத்தில் எல்லோரும் ஒரு மூச்சு நிறுத்திப் பழகினால் வேகம் தானாகவே அடங்கும்.

மறைபொருளை (அந்தப் பத்தில் தியானிக்கும் இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்வை) வாசித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வியாழக்கிழமை ஒளியின் மறைபொருளில், இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானாவூர்த் திருமணம் வரும்: "எத்தனை கல்தொட்டி இருந்தது?" ஆறு. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும். "அவ்வளவு தண்ணியையும் யார் ஊத்தினாங்க?" பணியாளர்கள், விளிம்பு வரை. செபமாலையின் பத்து மணிகளும் உருளும்போது அந்தத் தொட்டிகள் பிள்ளையின் கண்ணுக்குள் இருக்கும். விளக்கமாகப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தால் கெட்டுவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. செபமாலையின் பத்து மணிகளுக்கும் பத்து பேர். ஒவ்வொரு மணிக்கும் முன் பிள்ளை ஒரு பெயர் சொல்லட்டும்: மாமா, டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா, செத்துப்போன பாட்டி. பெயர் சொல்வதிலேயே கவனம் நிற்கும். தினமும் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் போதும்.

நெய்தல்கரை:

சைக்கிள் கேட்பதைத் திருத்தாதீர்கள். "இதெல்லாம் கடவுளிடம் கேட்கலாமா?" என்றால், அடுத்த நாள் முதல் பெரியவர்களுக்குப் பிடித்த வேண்டுதலை ஒப்பிப்பான், மனதில் இருப்பதை மறைப்பான். அவன் கேட்கட்டும். கூடவே ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு சேருங்கள். படுக்கப் போகுமுன் மூன்றே வாக்கியம்: இன்று எதற்கு நன்றி, எதற்கு மன்னிப்பு, என்ன வேண்டும்.

மன்னிப்பு கேட்கும் இடத்தில் நிறைய வீடுகளில் தவறு நடக்கிறது. "அதையும் சொல்லு, தம்பியை அடிச்சதைச் சொல்லு" என்று அம்மா எடுத்துக்கொடுத்தால் செபம் விசாரணை ஆகிவிடும். அதை மனசுக்குள் சொல்லட்டும். சத்தமாகச் சொன்னாலும், மறுநாள் சண்டையில் அதை எடுத்துப் பேசவே கூடாது. முழந்தாளில் நிற்க வைத்து "பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்" என்று தண்டனை கொடுப்பதும் அப்படித்தான்: பிள்ளைக்கு மாதா என்றாலே தண்டனை ஞாபகம் வரும்.

பாட்டி விஷயம் கனமானது, அதை அவசரமாக மூடாதீர்கள். "நீ சரியாச் செபிக்கல" என்பது கொடுமை. "கடவுளுக்குப் பாட்டி தேவைப்பட்டார்" என்பதும் வேண்டாம். அடுத்து அம்மா தேவைப்படுவாரோ என்று பிள்ளை பயப்படும். இயேசு பாடுபடுமுன் கெத்சமனியில் செபித்ததைச் சொல்லுங்கள் (மாற்கு 14:36). இயேசுவே "அப்பா" என்று கூப்பிட்டு, இந்தத் துன்பக் கிண்ணம் வேண்டாம் என்று கேட்டார். கேட்டது தப்பில்லை. உம் விருப்பப்படியே ஆகட்டும் என்றும் சொன்னார். கிண்ணம் அகலவில்லை, அப்பா அவரைக் கைவிடவும் இல்லை, மூன்றாம் நாள் உயிர்ப்பித்தார். எட்டு வயதுக்கு இது புரியும். அழுதால் அழட்டும், அதுவும் செபம்தான். பாட்டிக்காக இப்போதும் செபிக்கலாம் என்று சொல்லுங்கள். நினைவு நாளில் பூசைக் கருத்தை (பூசையில் யாருக்காகச் செபிக்கவேண்டும் என்ற வேண்டுதலை) அவளையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மூவேளை_மணி:

டீச்சர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு விஷயம் தவிர. ஒரு பத்தோடு குடும்பமே நிறுத்திக்கொள்ளும் பழக்கம் வந்துவிடக் கூடாது. குடும்பமாகச் செபமாலை சொல்வதற்குத் திருச்சபை தரும் பரிபூரண பலன் (மன்னிக்கப்பட்ட பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் சலுகை) கிடைக்க, ஐந்து பத்தையும் தொடர்ச்சியாக, தியானித்து, வாய்விட்டுச் சொல்லவேண்டும். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம், பாவப் பற்று எதுவும் இல்லாத மனம் ஆகியவையும் வேண்டும். ஆக, பெரியவர்கள் முடிக்கட்டும்.

பிள்ளைகள் குறுக்குவழி தேடினால் பதறவேண்டாம். போர்ச்சுகலில் உள்ள பாத்திமாவில் லூசியாவும், அவளுடைய மாமன் அத்தை பிள்ளைகளான பிரான்சிஸ்கோவும் ஜசிந்தாவும் ஆடு மேய்க்கும்போது, விளையாடும் அவசரத்தில் செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் வார்த்தைகளை மட்டும் சொல்லி ஓட்டிவிடுவார்களாம். லூசியாவே எழுதியிருக்கிறார். 1917 மே 13-இல் மாதா தோன்றியபோது பிரான்சிஸ்கோவுக்கு 8 வயது. அவனும் மோட்சம் போவான், ஆனால் நிறைய செபமாலை சொல்லவேண்டும் என்றார் மாதா. அதன்பின் அவன் மணிக்கணக்கில் தனியே போய்ச் செபித்தான். பிரான்சிஸ்கோவும் ஜசிந்தாவும் 2017-இல் புனிதர் பட்டம் பெற்றார்கள்.

அந்தோணியார்தெரு:

எல்லோருக்கும் நன்றி. நாளையிலிருந்து ஆறரை மணிக்கு மாற்றுகிறோம். உண்மையில் நான்காவது பத்தில் நானும்தான் தூங்குகிறேன். அதற்கு என்ன வழி?

நெய்தல்கரை:

உங்களுக்குத் துணை பிரெஞ்சுக் கன்னியரான புனித சிறுமலர் தெரேசாள். செபத்தில் தூக்கம் வந்தது, செபமாலை சொல்வது பெரும்பாடாக இருந்தது என்று அவரே எழுதினார். பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிரியம்தான் என்பது அவர் நம்பிக்கை. 24 வயதில் இறந்த அவரைத் திருச்சபை 1997-இல் மறைவல்லுநராக (விசுவாசத்தைக் கற்பிக்கும் சிறந்த ஆசிரியராக) அறிவித்தது. மனம் வறண்ட நாளில் அவர் செய்தது இதுதான்: ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம், மிக மெதுவாக. தூக்கம் வந்தால் எழுந்து நின்று சொல்லுங்கள், அல்லது நடந்துகொண்டே சொல்லுங்கள்.

மறைக்கல்வி_டீச்சர்:

ஒன்று விட்டுப்போனது. வீட்டில் தாத்தா "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று பழைய முறையில் சொன்னால் அவரைத் தடுக்காதீர்கள். ஆனால் பிள்ளைகளுக்கு உங்கள் பங்கின் மறைக்கல்விப் புத்தகத்தில் உள்ள வடிவம் ஒன்றையே மனப்பாடம் செய்ய வையுங்கள். இரண்டையும் கலந்து படித்த பிள்ளைகள் புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்பில் பாதியில் மாட்டிக்கொண்டு நிற்பார்கள்.